யூனியன் தீவில் இல்லாத அறைக்குக் கட்டிய பணம்

கரீபியன் கடலில் இருக்கும் கிரெனடின்ஸ் தீவுகளுக்குக் குடும்பத்தோடு போக யாரிடமாவது பணம் கட்டப் போகிறீர்கள் என்றால், கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நாங்கள் நால்வர் போனது 2025 பிப்ரவரியில்.

டொராண்டோவில் ஒரு நண்பர் மூலம் அறிமுகமான பயண முகவர். நம்மவர், என்னைவிட மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிட்டேன். "தம்பி, நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க, இறங்கினதும் எல்லாம் ரெடியா இருக்கும்" என்றார். செயின்ட் வின்சென்ட்டில் இறங்கி, பெக்வியாவில் 3 இரவு, யூனியன் தீவில் 4 இரவு, நடுவில் ஒரு நாள் டொபாகோ கேஸுக்குப் படகு. அதற்கென்று அவர் அனுப்பிய படத்தில் கடலுக்குள் நீளும் மரப்பாலமும் அதன் முனையில் ஓலைக் கூரையும் இருந்தன. அந்த இடம் டிரினிடாட் அண்ட் டொபாகோ நாட்டிலுள்ள பிஜன் பாயிண்ட் என்று பிறகுதான் தெரிந்தது. டொபாகோ கேஸ் இருப்பது வேறு நாட்டில், செயின்ட் வின்சென்ட் அண்ட் கிரெனடின்ஸில். ஆளே குடியிராத ஐந்து குட்டித் தீவுகள், சுற்றிலும் பவளப்பாறை, ஆமைகள். பெயர் ஒத்திருந்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

பெக்வியாவில் குறை இல்லை. செயின்ட் வின்சென்ட்டின் தலைநகர் கிங்ஸ்டவுனிலிருந்து ஃபெரியில் ஒரு மணி நேரம்தான், அறையும் நன்றாக இருந்தது.

யூனியன் தீவின் கிளிஃப்டனில் இறங்கியபோதுதான் வயிற்றைப் பிசைந்தது. எங்கு பார்த்தாலும் கூரையில்லாத வீடுகள், தார்ப்பாய்கள். 2024 ஜூலை 1 அன்று பெரில் சூறாவளி அடித்துப்போட்ட தீவு அது. ஏழு மாதம் கழித்தும் நாங்கள் பணம் கட்டிய விருந்தினர் இல்லத்தில் மாடியே இல்லை. கீழே ஒரே ஓர் அறையைச் சரிசெய்து அதில் வீட்டுக்கார அம்மா மகனோடு இருந்தார். "ஜூலைக்கு அப்புறம் நான் யாரையும் தங்க வைக்கவில்லையே, உங்களை அனுப்பியது யார்?" என்று கேட்டார். முகவர் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. வீடு இழந்து நிற்கும் ஒருவர் வாசலில் "எங்கள் அறை எங்கே" என்று பெட்டிகளோடு போய் நிற்க வைத்துவிட்டாரே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்த அம்மா பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து, தன் உறவினர் வீட்டில் இடம் பிடித்துத் தந்தார். அதற்குத் தனியாகப் பணம் கொடுத்தோம், அது நியாயம்.

அடுத்தது படகு. முகவர் தந்த தாளில் 'படகு 500 டாலர்' என்று இருந்தது. அமெரிக்க டாலராக வாங்கிக்கொண்டார். கிளிஃப்டன் படகுக்காரர் நால்வருக்கும் சேர்த்துச் சொன்ன விலையும் 500தான், ஆனால் கிழக்குக் கரீபியன் டாலர். ஓர் அமெரிக்க டாலருக்கு 2.70 என்று 1976 முதல் மாறாமல் இருக்கும் நாணயம் அது. அதாவது சுமார் 185 அமெரிக்க டாலர். அந்தக் காசும் படகுக்காரருக்குப் போய்ச் சேரவில்லை. நாங்கள் மறுபடி கொடுத்துத்தான் போனோம். அங்கே யார் 'டாலர்' என்று சொன்னாலும் எந்த டாலர் என்று கேட்டு, எழுதி வாங்குங்கள்.

முகவரைத் தொலைபேசியில் பிடித்தபோது, "அங்க புயல் வந்தது எனக்கு எப்படித் தம்பி தெரியும்?" என்றார். உலகச் செய்தியில் வந்த புயல்! அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. நான் இ-டிரான்ஸ்ஃபரில் அனுப்பியிருந்தேன். நீங்களே அனுப்பிய பணத்தை மீட்டுத் தர வழியில்லை என்று வங்கி சொல்லிவிட்டது. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் மறுப்புத் தெரிவித்துப் போராடவாவது முடிந்திருக்கும். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் பயணம் விற்பவர்கள், அவர்களைக் கண்காணிக்கும் டைக்கோ (TICO) என்ற அமைப்பில் பதிந்திருக்க வேண்டும். அதன் தளத்தில் பெயரைத் தேடினாலே தெரியும். இவர் பெயர் இல்லை. நான் தேடியது திரும்பி வந்த பிறகு. புகார் கொடுத்திருக்கிறேன்.

தங்கும் இடத்துக்கு நீங்களே ஒருமுறை போன் போட்டு, "இந்தத் தேதிக்கு என் பெயரில் அறை இருக்கிறதா, திறந்திருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். இரண்டு நிமிட வேலை. அதே ஓலைக் கூரைப் படத்தோடு அவருடைய விளம்பரம் வாட்ஸ்அப் குழுக்களில் இன்னும் சுற்றுகிறது. கிரெனடின்ஸ் என்று சொல்லி அந்தப் படம் வந்தால் பணம் அனுப்பாதீர்கள்.