லிச்செஸ் அரீனா: ரேட்டிங் இறங்கிவிடுமோ என்று ஒதுங்கி நிற்பவர்களுக்கு

அக்கா பையன் எட்டாவது படிக்கிறான். லீவு விட்டதிலிருந்து தினமும் சாயங்காலம் லிச்செஸ் என்ற இணையச் செஸ் தளத்தில், ரேட்டிங் (ஆட்டத் திறமையைக் காட்டும் எண்) 1500க்கு உட்பட்டவர்களுக்கான பிளிட்ஸ் அரீனாவில், அதாவது குறித்த நேரம் முடியும்வரை வேக ஆட்டங்களை அடுத்தடுத்து ஆடும் போட்டியில் புகுந்துவிடுவான், தோற்றாலும் ஜெயித்தாலும் சத்தம் போட்டுக்கொண்டே ஆடுவான். ஒருநாள் ரேட்டிங் 1512 ஆனது. வீட்டில் எல்லாரிடமும் போனைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினான். அப்புறம் நாலு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. ஏண்டா என்று கேட்டால், "வேணாம் மாமா, ஆடினா இறங்கிடும்."

எனக்கு அது நன்றாகவே புரிந்தது, ஏனென்றால் 1704 தொட்ட மறுநாளிலிருந்து நானும் மூன்று வாரம் போட்டி எதிலும் சேராமல் புதிர்கள் மட்டும் போட்டுக்கொண்டிருந்தவன். ரேட்டிங் குறைவாக இருப்பவர் வெட்கப்பட்டுத் தயங்குவார், ஆனால் நாலு ஆட்டம் ஜெயித்தால் அது போய்விடும். நல்ல ரேட்டிங் வந்துவிட்டவருக்கு வரும் பயம்தான் ஆளை முழுசாக உட்கார வைத்துவிடுகிறது. அதனால் இந்த மதிப்புரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பார்க்கப்போகிறேன்: அந்தப் பயத்தை மீறிப் போட்டிக்குள் இழுத்து வர லிச்செஸ் அரீனாவால் முடிகிறதா?

பெருமளவு முடிகிறது. காரணம், அங்கே புள்ளி தரும் விதம். ஜெயித்தால் 2, டிரா என்றால் 1. தொடர்ந்து இரண்டு ஜெயித்துவிட்டால் பெயருக்குப் பக்கத்தில் தீ எரியும், அதிலிருந்து புள்ளி இரட்டிப்பு, அதாவது மூன்றாவது வெற்றிக்கு 4. ஜெயிக்கத் தவறினால் தீ அணைந்துவிடும். இதுபோக பெர்சர்க் என்று ஒன்று இருக்கிறது: ஆட்டம் தொடங்கும்போது அந்தப் பொத்தானை அமுக்கினால் உங்கள் நேரம் பாதியாகிவிடும், ஜெயித்தால் 1 புள்ளி கூடுதல். மூன்று நிமிட ஆட்டத்தில் ஒன்றரை நிமிடத்தோடு உட்கார்ந்துகொண்டு, யானையை விட்டுக்கொடுத்து ராஜாவைத் துரத்தும்போது ரேட்டிங் ஞாபகம் யாருக்கு வரும்? பட்டியலில் மேலே இருப்பவனை எட்டிப் பிடிக்க இன்னும் ஆறு நிமிடம்தான் இருக்கிறது என்பதுதான் தலைக்குள் ஓடும். ரேட்டட் போட்டி என்றால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ரேட்டிங் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் அந்த நேரத்தில் கண் புள்ளிப் பட்டியலில் இருக்கும். முன்பதிவும் வேண்டாம், பாதியில் சேரலாம், நடுவில் நிறுத்திவிட்டுச் சாப்பிட்டு வந்து தொடரலாம், எடுத்த புள்ளி அப்படியே இருக்கும். கட்டணம் கிடையாது, விளம்பரம் கிடையாது. 2010இல் திபோ டுப்ளெசி ஆரம்பித்த தளம் இன்றைக்கும் நன்கொடையில்தான் ஓடுகிறது.

இன்னொன்று, செட்டிங்ஸில் ரேட்டிங்கை மறைக்கிற வசதி. அதைப் போட்டுவிட்டால் உங்களுடையதும் தெரியாது, எதிராளியுடையதும் தெரியாது. உள்ளே கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும், நம் கண்ணுக்கு வராது, அவ்வளவுதான். பையனுக்கு இதைத்தான் முதலில் செய்து கொடுத்தேன். அதற்கு முன்னால் அவனுடைய பிளிட்ஸ் புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்து, அதிகபட்ச ரேட்டிங் 1512 என்று தேதியோடு பதிவாகியிருப்பதைக் காட்டினேன். நாளைக்கு 1400க்குப் போனாலும் அந்த வரி அங்கேயே இருக்கும் என்றதும் முகம் மாறிவிட்டது. ஆடாமல் பூட்டி வைத்தாலும் ரேட்டிங் அதே பலத்தோடு இருக்காது என்பதையும் சொன்னேன். லிச்செஸ் கிளிக்கோ-2 முறையில் கணக்குப் போடுகிறது, எல்லாரும் 1500இல் தொடங்குகிறோம், எண்ணோடு சேர்த்து அது எவ்வளவு நிச்சயம் என்பதற்கும் ஒரு அளவு உண்டு. நீண்ட காலம் ஆடாமல் விட்டால் அந்த நிச்சயம் குறைந்து, புதிதாக வந்தவருக்கு இருப்பதுபோலப் பக்கத்தில் கேள்விக்குறி வந்துவிடும்.

வரம்பு வைத்த போட்டிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், எட்டிய ரேட்டிங்கே எப்படி ஆளைத் தடுக்கிறது என்பது அங்கேதான் பளிச்சென்று தெரிகிறது. 1500, 1700, 2000 என்று படிப்படியாக வரம்பு இருக்கும். சும்மா இரண்டு ஆட்டம் தோற்றுவிட்டுக் கீழ்ப் போட்டிக்குள் நுழைய முடியாது, கடந்த ஏழு நாளில் தொட்ட அதிகபட்ச ரேட்டிங்கைப் பார்ப்பார்கள். குறிப்பிட்ட எண்ணிக்கை ரேட்டட் ஆட்டம் ஆடியிருக்கவும் வேண்டும். 1512 தொட்ட பையனுக்கு அந்த வாரம் பழைய கதவு மூடிவிட்டது, 1700 வரம்புப் போட்டிக்குப் போகவோ பயம். முதலில் எனக்கு இந்த விதி கொஞ்சம் கடுமையாகப் பட்டது. ஆனால் இது இல்லாவிட்டால் வேண்டுமென்றே ரேட்டிங்கை இறக்கிக்கொண்டு சின்னப் பிள்ளைகளை அடிக்க வருபவர்கள் நிறைந்துவிடுவார்கள், அப்புறம் 1300இல் இருப்பவர் எதற்கு வரப்போகிறார்? விதி சரிதான். 1500க்கும் 1700க்கும் நடுவில் கூடுதலாக ஒரு படி எப்போதும் இருந்தால் இப்போதுதான் ஏறியவர்களுக்கு உதவும் என்பது என் ஆசை.

நிதானமாக யோசித்து ஆடுகிறவருக்கு அரீனா ஒத்து வராது. ஆட்டம் முடிந்த கையோடு அடுத்த எதிராளி வந்து நிற்பார், ஒரு தோல்வியின் எரிச்சல் அடுத்த ஆட்டத்துக்கும் ஒட்டிக்கொண்டு வரும். அவர்கள் அங்கேயே குழுக்கள் நடத்தும் சுவிஸ் போட்டிக்குப் போகலாம், இத்தனை சுற்று என்று முன்பே தெரியும், ஒரே ஆளை இரண்டு தடவை சந்திக்க வேண்டியதில்லை. பிள்ளைகளுக்குக் கணக்குத் திறந்து கொடுப்பவர்கள் கிட் மோடை மறக்காமல் போட்டுவிடுங்கள், சாட் நின்றுவிடும்.

பையன் ஐந்தாம் நாள் 1700 வரம்பு அரீனாவில் சேர்ந்தான். முதல் மூன்று ஆட்டம் வரிசையாகத் தோல்வி. நாலாவதில் பெர்சர்க் அமுக்கி, கடைசி இரண்டு நொடியில் எதிராளிக்கு மேட் போட்டான். ரேட்டிங் எவ்வளவு ஆச்சு என்று அவனும் கேட்கவில்லை, நானும் பார்க்கவில்லை. "மாமா, இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?" என்றுதான் கேட்டான்.