கம்பைலர் விழுங்கிய வரி: ஃபிளாக் போடுவதா, நிரலைத் திருத்துவதா?

எங்கள் சி++ கம்பைலரான ஜிசிசியின் 4.8 பதிப்பை விட்டுப் புதிய பதிப்புக்கு மாறிய வாரத்திலிருந்து எங்கள் சர்வரின் மெமரி ஏறிக்கொண்டே போனது. கிராஷ் இல்லை, கம்பைலர் எச்சரிக்கையும் இல்லை. ஆப்டிமைசேஷன் (நிரலை வேகமாக்கக் கம்பைலர் செய்யும் மாற்றங்கள்) இல்லாமல் கம்பைல் செய்தால் ஒழுங்காக ஓடியது. ஓ2 என்ற ஆப்டிமைசேஷன் நிலையில் மட்டும்தான் கோளாறு. மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரும் வாய் திறக்கவில்லை. இன்னும் விடுவிக்கப்படாத மெமரியை வாசிப்பது அதன் கண்ணில் தவறே அல்ல.

எங்கள் மெசேஜ் கிளாஸுக்குச் சொந்தமாக நியூ, டிலீட் ஆப்பரேட்டர்கள் உண்டு. 64, 256, 1024 பைட் என்று மூன்று பூல்கள்; ஒவ்வொன்றும் அந்த அளவு மெமரித் துண்டுகளின் கையிருப்பு. துண்டு எந்தப் பூலுக்குத் திரும்ப வேண்டும் என்ற எண்ணை, ஆப்ஜெக்ட் அழியும்போது ஓடும் டிஸ்ட்ரக்டரின் கடைசி வரி ஆப்ஜெக்டுக்குள்ளேயே எழுதிவைக்கும்; அடுத்து ஓடும் ஆப்பரேட்டர் டிலீட் அதைப் படிக்கும். சி++ விதிப்படி, டிஸ்ட்ரக்டர் முடிந்த பின் அந்த இடத்தில் பழைய மதிப்பு இருக்கும் என்று யாரும் நம்பக் கூடாது. ஜிசிசி 4.9 முதல் கம்பைலர் இந்த விதியை உண்மையாகவே பயன்படுத்துகிறது. கம்பைலர் தன் வேலையின் நடுவில் நிரலை எப்படி வைத்திருக்கிறது என்று காட்டும் இடைநிலை டம்பை எடுத்துப் பார்த்தேன். டிஸ்ட்ரக்டரின் முடிவில் 'கிளாபர்' என்று ஒரு வரி: இனி இந்த மெமரியில் உள்ளது செல்லாது என்று கம்பைலர் தனக்குத்தானே வைத்துக்கொள்ளும் குறிப்பு. ஆப்டிமைஸ் ஆன டம்பில் பூல் எண்ணை எழுதும் வரியே இல்லை. ஆப்ஜெக்ட் பிறக்கும்போது கன்ஸ்ட்ரக்டர் வைத்த 0 அப்படியே நின்றது. 1024 பைட் துண்டுகளெல்லாம் 64 பைட் பூலில் போய் விழ, பெரிய பூல் புதிது புதிதாக மெமரி கேட்டுக்கொண்டே இருந்தது.

எதிரில் இரண்டு வழிகள் இருந்தன. இந்த எழுதலை நீக்காதே என்று கம்பைலருக்குச் சொல்லும் வோலடைல் என்ற மூன்றாவதும் உண்டு. எழுதும் வரி அதனால் பிழைத்துக்கொள்ளும், ஆனால் செத்த ஆப்ஜெக்டைப் படிக்கும் குற்றம் அப்படியே இருக்கும். அதை விட்டுவிடலாம்.

முதல் வழி, 'நோ லைஃப்டைம் டிஎஸ்இ' என்ற ஃபிளாக்: ஆப்ஜெக்டின் ஆயுளைக் காரணம் காட்டி எழுதும் வரிகளை நீக்காதே என்று கம்பைல் செய்யும்போது கொடுக்கும் கட்டளை. நிரலில் ஒரு வரியும் மாறாது, ஐந்து நிமிட வேலை. வேகத்தில் எங்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. கிளாங் கம்பைலரின் அடித்தளமான எல்எல்விஎம் திட்டமே ஜிசிசியில் பில்ட் ஆகும்போது இந்த ஃபிளாகைச் சேர்த்துக்கொள்கிறது. அதன் யூசர் கிளாஸுக்கும் இதே பழக்கம் உண்டு, எல்டிஓ (லிங்க் செய்யும்போது முழு நிரலையும் சேர்த்துப் பார்த்துச் செய்யும் ஆப்டிமைசேஷன்) சேர்ந்தபோது கிராஷ் ஆனது. ஆகவே இது கௌரவக் குறைவான வழி அல்ல. நானும் முதலில் இதைத்தான் போட்டேன்.

ஆனால் பராமரிப்பு என்று வரும்போது இந்த ஃபிளாக் நிற்கவில்லை. எங்கள் டிஸ்ட்ரக்டர் ஹெடர் ஃபைலில் இன்லைனாக இருக்கிறது. அந்த ஹெடரைச் சேர்க்கும் ஒவ்வொரு ஃபைலும் தனக்கென்று ஒரு பிரதியைக் கம்பைல் செய்கிறது. லிங்கர் அவற்றில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தூக்கி எறிகிறது. ஃபிளாக் இல்லாத ஒரே ஒரு ஃபைல் இருந்து, அதன் பிரதி தேர்வாகிவிட்டால், ஒழுங்காகக் கம்பைல் ஆன மற்ற ஃபைல்களும் கெட்ட பிரதியையே அழைக்கும். எங்களுக்கு நடந்தது இதுதான். தனி மேக்ஃபைல் கொண்ட ஒரு சிறு பிளகின் சேர்ந்தது, அதில் ஃபிளாக் இல்லை, இரண்டு வாரத்தில் மெமரி மறுபடி ஏறியது. லிங்க் வரிசையை மாற்றிப் பார்த்தபோது பிழை மறைந்தது. எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். பிழை மறைந்த அந்த பில்டை நம்பி நாங்கள் வெளியிட்டிருக்கக்கூடும். இந்த ஹெடரை நாளை யார் எடுத்துப் பயன்படுத்தினாலும் ஃபிளாகையும் நினைவாகக் கொண்டுபோக வேண்டும். ஹெடரில் அதைச் சொல்லிவைக்க ஒரு கமெண்டைத் தவிர வேறு இடம் இல்லை.

இரண்டாவது வழி, சி++20 தரும் 'டிஸ்ட்ராயிங் டிலீட்'. ஜிசிசி 9-லும் கிளாங் 6-லும் வந்துவிட்டது. இதை எழுதிவைத்தால், டிலீட் என்று சொன்னதும் கம்பைலர் டிஸ்ட்ரக்டரை அழைக்காது. உயிரோடிருக்கும் ஆப்ஜெக்டை நம் கையில் கொடுத்துவிடும். நாம் முதலில் நீளத்தைப் படித்துப் பூல் எண்ணை ஒரு லோக்கல் மாறியில் வைத்துக்கொள்கிறோம். பிறகு டிஸ்ட்ரக்டரை நாமே அழைக்கிறோம். கடைசியில் துண்டைப் பூலில் சேர்க்கிறோம். ஆப்ஜெக்ட் போன பிறகு அதைத் தொடும் வரியே இல்லை. பதினைந்து வரிக்குள் முடிந்தது. பூல் எண்ணுக்கென்று இருந்த மெம்பரையும் எடுத்துவிட்டேன். எந்த ஃபிளாகில் யார் கம்பைல் செய்தாலும் விடை ஒன்றே.

கவனம் வேண்டிய இடமும் உண்டு. டிஸ்ட்ரக்டரை அழைக்கும் அந்த ஒரு வரியை மறந்தால் உள்ளே இருக்கும் ஸ்டிரிங்குகள் அப்படியே லீக் ஆகும். முதல் முயற்சியில் எனக்கே நடந்தது. அரே டிலீட்டுக்கு இந்த வசதி கிடையாது. எங்கள் கிளாஸில் இன்ஹெரிடன்ஸ் ஒரே அடுக்குதான். பல அடுக்கு வர்ச்சுவல் டிஸ்ட்ரக்டர்களோடு நான் இதை ஓட்டிப் பார்த்ததில்லை, அங்கே என் சொல்லை முழுதாக நம்ப வேண்டாம். சி++20-க்குப் போக முடியாதவர்கள் பூல் எண்ணை ஆப்ஜெக்டுக்கு முன்னால் மெமரியில் ஒரு தனி முன்பகுதியாக வைக்கலாம். அலைன்மென்ட் (ஆப்ஜெக்ட் குறிப்பிட்ட மடங்கு முகவரியில் தொடங்க வேண்டும் என்ற விதி) காரணமாக 16 பைட் போகும்; 64 பைட் துண்டில் அது கால் பங்கு.

ஃபிளாகை நான் அடியோடு ஒதுக்கவில்லை. நம்மால் திருத்த முடியாத பழைய லைப்ரரி ஒன்றை முழுதாக நாமே பில்ட் செய்கிறோம் என்றால் அதுதான் சரி. நியூ ஆப்பரேட்டரில் மெமரியைப் பூஜ்யமாக்கி, கன்ஸ்ட்ரக்டர் அதை நம்பும் நிரலாக இருந்தால் முழுதாக அணைக்கவும் வேண்டாம். அதே ஃபிளாகை 'நோ' இல்லாமல் எழுதி மதிப்பை 1 என்று வைத்தால் கன்ஸ்ட்ரக்டருக்கு முன் எழுதியது தப்பும். ஜிசிசி 6-லிருந்து, ஃபிளாக் எதுவும் இல்லாவிட்டால், அப்படி முன்கூட்டி எழுதிய மதிப்புகளும் நீக்கப்படுகின்றன.