அம்மாவின் கையில் ஒட்டிய சென்சார்: தொலைநிலைக் கண்காணிப்புச் சேவை ஒன்றின் மூன்று மாத அனுபவம்

இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோயுடன் வாழும் என் தாயாருக்காக, சென்னையில் இயங்கும் ஒரு தனியார் தொலைநிலை நோயாளிக் கண்காணிப்புச் சேவையில் கடந்த மார்ச் மாதம் சேர்ந்தோம். நான் சிறுசேரியில் பணிபுரிவதால், நங்கநல்லூர் வீட்டில் அவர் பகல் முழுவதும் தனியாகத்தான் இருப்பார். மேற்கையில் ஒட்டும், பதினான்கு நாள் உழைக்கும் சர்க்கரை சென்சார், ஓர் இரத்த அழுத்தக் கருவி, இரண்டின் அளவுகளையும் படிக்கும் கைப்பேசிச் செயலி, மறுமுனையில் ஒரு செவிலியர்: சேவை இவ்வளவுதான்.

எல்லோருக்கும் பொதுவான வரம்பை வைத்து மணி அடிக்காமல், முதல் இரண்டு வாரங்களில் அம்மாவின் உணவு, உறக்கம், மாத்திரை நேரம் ஆகியவற்றின் போக்கைக் கற்றுக்கொண்டு, அதிலிருந்து அளவுகள் விலகும்போது மட்டும் செயற்கை நுண்ணறிவு எச்சரிக்கும் என்றார்கள். மூன்றாவது வாரத்திலேயே மூன்று இரவுகள், இரண்டு மணிக்கு, சர்க்கரை 58-க்கு இறங்கிவிட்டதாக என் கைப்பேசி அலறியது. பதறி எழுந்து விரலில் குத்திப் பார்த்தால் 112. சென்சார் அளப்பது இரத்தத்தை அன்று, தோலுக்கடியிலுள்ள திசுநீரை. ஒட்டிய கையின் மேலேயே சாய்ந்து படுத்தால் அந்த இடம் அழுந்தி, அளவு பொய்யாகக் குறையும். இதைச் செயலி சொல்லவில்லை, செவிலியர்தான் சொன்னார். ஏகாதசியன்று மதியம் செயலி மீண்டும் பதறியபோதும், "அம்மா, இன்னைக்கு விரதமா?" என்று கேட்கத் தோன்றியது அவருக்குத்தான்.

எச்சரிக்கையை அணைத்துவிடலாம் என்று இருந்த வேளையில், ஏப்ரல் இறுதியில், விடியற்காலை நான்கு மணியளவில் சர்க்கரை மெல்ல இறங்குவது ஐந்து நாள் தொடர்வதைச் செயலி வரைபடமாகக் காட்டியது. இம்முறை விரலில் குத்திப் பார்த்தபோதும் 64. வரைபடத்தைப் பார்த்த எங்கள் மருத்துவர், இரவில் எடுத்துவந்த, சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையின் அளவைக் குறைத்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாங்கள் எடுக்கும் எச்பிஏ1சி இரத்தப் பரிசோதனை சில மாதச் சர்க்கரையின் சராசரியை மட்டுமே காட்டும் என்பதால், இந்த விடியற்காலைப் பள்ளம் அதில் அகப்பட்டிருக்காது. கொடுத்த பணம் எனக்கு இந்த ஒன்றிலேயே வசூலாகிவிட்டது.

விளம்பரத்தில் "ஏஐ டாக்டர்" என்று போட்டுக்கொள்வதைத்தான் ஏற்க முடியவில்லை. மத்திய சுகாதார அமைச்சகம் 2020 மார்ச்சில் வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டுதல்களின்படி, செயற்கை நுண்ணறிவுத் தளம் நோயாளிக்கு ஆலோசனை கூறவோ மருந்து எழுதவோ கூடாது. பதிவுபெற்ற மருத்துவருக்கு அது துணைநிற்கலாம், அவ்வளவே. செயலியின் தமிழ்க் குரலும் "குருதி அழுத்தம்" என்று வாசிக்கிறது. பிரஷர் என்றால்தான் அம்மாவுக்குப் புரியும். கத்திரி வெயிலில் வியர்வை பட்டு ஒரு சென்சார் ஒன்பதாம் நாளே கழன்று விழுந்தது. மாற்றுச் சென்சாருக்கு நான்கு முறை தொலைபேசியில் பேச வேண்டியிருந்தது.

இரவில் உடன் ஒருவர் இல்லாத வீட்டுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மணி அடித்தால் எழுந்து விரலில் குத்திப் பார்க்க ஆள் வேண்டும். நாங்கள் அடுத்த மூன்று மாதத்துக்கும் பணம் கட்டிவிட்டோம். அம்மா இடப்பக்கம் சாய்ந்து படுப்பவர் என்பதால், சென்சார் இப்போது வலக்கையில் இருக்கிறது.