பாக்கா, ஹேண்டலா?

மேற்கத்திய செவ்வியல் இசையமைப்பாளர்களான இருவரும் 1685-இல் ஜெர்மனியில் பிறந்தவர்கள்; ஒருமுறைகூட நேரில் சந்தித்ததில்லை. பாக் கடைசி 27 ஆண்டுகள் லைப்சிக் நகரிலேயே இருந்தார்: தேவாலய வேலை, பள்ளிப் பையன்களுக்குப் பாட்டு வாத்தியார், வீடு நிறையப் பிள்ளைகள். ஹேண்டல் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. இத்தாலி போய் ஓபரா என்ற இசை நாடகக் கலையைக் கற்று, லண்டன் அரங்குகளில் பேர் வாங்கினார்.

இசையும் அப்படித்தான். பாக் எழுதிய ‘ஃபியூக்’ வகை இசையில் ஒரு குரல் மெட்டை எடுக்கும். அடுத்த குரல் அதே மெட்டோடு நுழையும்போது முதல் குரல் வேறு வழியில் ஓடிக்கொண்டிருக்கும். நான்காவதும் சேர்ந்துவிட்டால் எதைப் பிடிப்பது என்று காது திணறும். ஹேண்டலின் ‘ஹல்லேலூயா’ கோரஸில் எல்லோரும் சேர்ந்து முழங்கி, கடைசி வரிக்கு முன்னால் சட்டென்று நிறுத்துவார்கள். அந்த மௌனம் இருக்கிறதே!

புதிதாகக் கேட்பவர்களுக்கு ஹேண்டல். எனக்கு? பாக்தான், அதுவும் ராத்திரியில் ஹெட்போனோடு.