ஹாவர்ட்ஸா, யோக்கெரெஸா: நாளைக்கு யாரை முன்னுக்கு விடலாம்?

நாளை வியாழக்கிழமை, 2025 ஜூலை 31, பின்னேரம் 5 மணிக்கு ஆர்சனலுக்கும் டொட்டன்ஹமுக்கும் உதைபந்தாட்டம். ஆர்சனலின் முன்களத்தில் பழைய ஆள் ஹாவர்ட்ஸா, புதிதாக வந்த யோக்கெரெஸா என்பதுதான் கேள்வி. வன்னியில் இருந்துகொண்டு ஒரு பெரிய ஆங்கிலக் கழகத்தின் ஆட்டத்தைக் கண் எரியாமல், வீட்டில் ஏச்சு வாங்காமல் பார்க்கக் கிடைப்பது எப்போதாவதுதான். ஐரோப்பாவின் பெரிய கழகங்கள் மோதும் சம்பியன்ஸ் லீக் என்றால் நள்ளிரவு 12.30, மாரியில் 1.30, பார்த்துவிட்டுப் படுத்தால் சேவல் கூவிவிடும். நாளைக்கு அந்தக் கரைச்சல் இல்லை. ஹொங்கொங்கில் இரவு 7.30 ஆகும்போது கிளிநொச்சியில் வெயில் அப்போதுதான் தாழத் தொடங்கும்.

ஆர்சனலும் டொட்டன்ஹமும். வட லண்டன்காரரின் இந்தப் பழைய பகை பிரித்தானியாவுக்கு வெளியே மைதானம் இறங்குவது இதுதான் முதல் தடவை. இடம் காய் டக் அரங்கு. பழைய விமான நிலையம் இருந்த நிலத்தில் கட்டி, இந்த வருசம் மார்ச்சில் திறந்தார்கள், 50,000 பேர் இருக்கலாம், கூரையை இழுத்து மூடவும் முடியும். எங்கள் மைதானத்துக்கு ஒரு பக்கம் பனை, மறுபக்கம் குளக்கட்டு, சோளகக் காற்று அடித்தால் கோணர் உதை தானாகவே வளையும், அது வேறு கதை.

பருவம் தொடங்க முன்னர் ஆடுகிற சினேகபூர்வ ஆட்டத்தை வைத்து ஒன்றும் சொல்லக்கூடாது என்பார்கள். முடிவைப் பொறுத்தவரை அது சரிதான். 23ஆம் திகதி சிங்கப்பூரில் இத்தாலியின் ஏசி மிலானை, வலது ஓர வீரர் சாக்காவின் கோலால் 1-0 என்று ஆர்சனல் வென்றது, வென்ற பிறகும் முன்பே பேசி வைத்தபடி தண்ட உதைகள் அடித்தார்கள், அதில் மிலான் 6-5. ஆர் வென்றது என்று கேட்டால் இரண்டு பேரும் என்றுதான் சொல்ல வேண்டும். நான்கு நாள் கழித்து நியூகாசிலோடு 3-2. அதில் 15 வயதுப் பெடியன் மக்ஸ் டௌமன் வாங்கிக் கொடுத்த தண்ட உதையைத்தான் அணித்தலைவர் ஓடகார்ட் கடைசி நேரத்தில் கோலாக்கினார். ஆக, கோல் கணக்கை விடுங்கள். இந்த மாதிரி ஆட்டத்தில் பார்க்க வேண்டியது ஆர் எங்கே நிற்கிறார், பந்து எந்த நேரத்தில் அவரிடம் போகிறது என்பதை மட்டும்தான்.

எங்கள் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் இந்தக் கிழமை முழுக்க இதே கதைதான். சனிக்கிழமை போர்த்துக்கலின் ஸ்போர்ட்டிங் கழகத்தில் இருந்து முன்கள வீரர் விக்டர் யோக்கெரெஸ் ஆர்சனலுக்கு வந்து சேர்ந்துவிட்டார், 60 மில்லியன் யூரோவுக்கு மேல், முதுகில் ஆர்சனலின் பழைய கோல் மன்னன் தியரி ஒன்றி போட்ட 14ஆம் இலக்கம். அப்படியானால் ஏற்கெனவே முன்னுக்கு நின்ற ஹாவர்ட்ஸை என்ன செய்வது? "காசு குடுத்து வாங்கினது பெஞ்சில இருத்தவோ?" என்று ஒரு பக்கம். "டேய், அவன் இன்னும் ஒழுங்காப் பயிற்சியே செய்யேல்லை" என்று மறு பக்கம். இரண்டு கட்சிக்கும் நடுவில் கடைக்கார அண்ணை, அவர் மஞ்செஸ்டர் யுனைட்டெட், சிரித்துக்கொண்டு பிளேன்ரீ ஊற்றுகிறார்.

சரி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

கோல் கணக்கில் போட்டியே இல்லை. போன பருவத்தில் ஸ்போர்ட்டிங்குக்கு யோக்கெரெஸ் அடித்தது 52 ஆட்டத்தில் 54, போர்த்துக்கல் லீக்கில் மட்டும் 39. நவம்பரில் மஞ்செஸ்டர் சிட்டியை 4-1 என்று சாத்திய இரவில் மூன்று கோலும் அவர் காலில் இருந்து. அதில் இரண்டு தண்ட உதை என்பதையும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அந்தப் பெரிய எண்ணிக்கைக்குள் தண்ட உதைகளும் இருக்கின்றன, ஆர்சனலில் அவற்றை அடிக்க சாக்காவும் ஓடகார்டும் ஏற்கெனவே வரிசையில் நிற்கிறார்கள். ஹாவர்ட்ஸ் போன பருவம் எல்லாத் தொடரிலும் சேர்த்து 15. கேட்கக் குறைவாக இருந்தாலும் அணியில் அதிகம் அடித்தது அவர்தான். அதுவும் பெப்ரவரியில் துபாய்ப் பயிற்சியில் தொடையின் பின் தசை கிழிந்து சத்திரசிகிச்சைக்குப் போன ஒருவரின் கணக்கு. அதற்கு முன்னரே இன்னொரு முன்கள வீரர் ஜேசுஸ் முழங்கால் போய் விழுந்துவிட்டதால், நடுக்கள வீரர் மெரினோவை முன்னுக்கு நிறுத்தி ஓட்டினார்கள். அந்த மனுசன் லெஸ்டரிலும் ரியல் மட்ரிட்டுக்கும் கோல் அடித்து மானத்தைக் காப்பாற்றினார் என்பது தனிக் கதை, ஆனால் ஒவ்வொரு கிழமையும் அப்படி ஓடாது. 2023-24 இங்கிலாந்து லீக்கில் 91 கோல் அடித்த அணி அடுத்த பருவம் 69இல் நின்றது. மூன்று வருசமாக இரண்டாம் இடம்.

ஆனால் இரண்டு பேரும் ஒரே வேலை செய்கிறவர்கள் என்று நினைத்துக்கொண்டு எண்ணிக்கையை ஒப்பிட்டால் கடைச் சண்டை விடியும்வரை முடியாது. ஹாவர்ட்ஸ் பந்தைத் தேடி வருகிறவர். பின்னுக்கு இறங்கி, ஒரு பின்கள வீரரைத் தன்னோடு இழுத்துக்கொண்டு வந்து, ஓரங்களில் ஓடுகிற சாக்காவுக்கோ மார்ட்டினெலிக்கோ பின்னால் ஒரு வாசல் திறந்து விடுவார். உயரமான மனிதர், கோல்காப்பாளர் நீட்டாக அடித்த பந்தைத் தலையால் தட்டிக் கொடுப்பார், எதிரணி பந்தை வைத்திருந்தால் முதலாவதாக ஓடி அமத்துவதும் அவர்தான். கோலுக்கு முன்னால் சில வேளை கை நடுங்கும். அது பொய்யில்லை, எனக்கே எத்தனை தரம் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பத் தோன்றியிருக்கிறது.

யோக்கெரெஸ் அதற்கு நேர்மாறு. அவருக்குப் பந்து காலுக்கு வரக்கூடாது, முன்னால் விழ வேண்டும். நடுவில் நின்றுவிட்டு, திடீரென்று இடது பக்கக் கோட்டை நோக்கி வெட்டி ஓடுவார், பந்து அங்கே விழுந்தால் தோளால் ஒரு ஆளை ஓரங்கட்டிவிட்டு உள்ளே வருவார். வெட்டு மெசின் வயலுக்குள் இறங்கினது மாதிரி, அழகு இருக்காது, வேலை முடிந்திருக்கும். 27 வயது. பிரைட்டனில் இருந்த காலத்தில் பிரீமியர் லீக்கில் ஒரு நிமிடம்கூட ஆடக் கிடைக்கவில்லை, இரண்டாம் பிரிவில் கொவென்ட்ரிக்குப் போய், அங்கே 2023இல் மேலே ஏறுகிற கடைசி ஆட்டத்தில் லூட்டனிடம் தண்ட உதையில் தோற்று, லிஸ்பனுக்குப் போய்த்தான் பெயர் எடுத்தார். இப்படிச் சுற்றி வந்தவர்களில் எனக்கு எப்போதும் ஒரு விருப்பம்.

இரண்டு பேரையும் ஒரே மைதானத்தில் பார்த்த இரவு ஒன்று இருக்கிறது. போன நவம்பர் 26, லிஸ்பன், ஸ்போர்ட்டிங்கை ஆர்சனல் 5-1 என்று வென்றது. ஹாவர்ட்ஸ் ஒன்று அடித்தார், யோக்கெரெஸுக்கு ஒன்றும் இல்லை, ஆர்சனலின் பின்கள வீரர்கள் சலிபாவும் கப்ரியேலும் விடவில்லை. போதாக்குறைக்கு கப்ரியேல் தலையால் ஒன்றைப் போட்டுவிட்டு, யோக்கெரெஸ் கோல் அடித்தால் விரல்களைக் கோத்து முகத்தில் வைப்பாரே, அதை அவர் முன்னாலேயே செய்து காட்டினார். இப்போது இரண்டு பேரும் ஒரே உடுப்பு மாற்றுகிற அறையில். அந்த முதல் கைகுலுக்கலைப் பார்க்க நான் காசு கொடுத்திருப்பேன். அந்த ஓர் இரவை வைத்து யோக்கெரெஸ் பெரிய அணிக்கு ஆகமாட்டார் என்று கடையில் ஒருவர் அடித்துச் சொல்கிறார், எனக்கு அது சரியாகப் படவில்லை. அன்று ஸ்போர்ட்டிங்கின் பயிற்றுநர் அமோரிம் மஞ்செஸ்டருக்குப் போய் இரண்டு கிழமைதான். அணியே குழம்பிப் போயிருந்தது.

என் பயம் வேறு இடத்தில். அதைச் சொல்ல எங்கள் கழகக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருசத்துக்கு முன் எங்களுக்கும் இதே பிரச்சினை வந்தது. எங்கள் போர்வேர்ட் ஒரு ரியூசன் மாஸ்டர், நெட்டை, பந்தைக் காலில் வாங்கினால் பிறகு இரண்டு பேர் சேர்ந்தாலும் எடுக்க ஏலாது. அப்புறம் பக்கத்து ஊரில் இருந்து ஒரு தம்பி வந்தான், உழவு மெசின் ஓட்டுகிறவன், கட்டை, நெஞ்சு நல்ல அகலம். ஓடினான் என்றால் புழுதிதான் தெரியும். முதல் ஆட்டத்தில் அவன் இருபது தரமாவது பின்களத்துக்குப் பின்னால் ஓடியிருப்பான். பந்து வரவில்லை. நாங்கள் நடுக்களத்தில் நின்றவர்கள், மாஸ்டருக்குக் கொடுத்துப் பழகின கால், நிப்பாட்டி, திரும்பி, நிமிர்ந்து பார்க்கிறதுக்குள் அவன் ஓஃப்சைட்டில் நிற்பான். நானும்தான். "அண்ணை, வெளியில போடுங்கோ" என்று கையைக் காட்டிக் காட்டி அலுத்துப்போனான். மூன்றாவது ஆட்டத்தில் ஓடுவதையே விட்டுவிட்டான். மாஸ்டர் மாதிரி இறங்கி வந்து காலுக்குப் பந்து கேட்டான், அது அவனுக்கு வராது, தடுமாறினான். பிறகு எல்லோரும் சேர்ந்து சொன்னோம், இவன் சரிவரமாட்டான் என்று. இப்போது அவன் வேறு கழகத்துக்குக் கோல் அடிக்கிறான், எங்களுக்கு எதிராகவும் இரண்டு.

ஆர்சனலிலும் இதுதான் நடக்கலாம். பக்கவாட்டில் பத்துத் தரம் தட்டி, எதிரணி எல்லாம் பெட்டிக்குள் வந்து குந்திய பிறகுதான் வழி தேடுகிற அணி அது. ஓட இடமே இல்லாத நேரத்தில் ஓடுகிறவனை வைத்து என்ன செய்வது? பந்தைப் பறித்த முதல் இரண்டு வினாடிக்குள், ஓடகார்டோ புதிதாக வந்த நடுக்கள வீரர் சுபிமெண்டியோ நிமிர்ந்து பார்த்து இடது பக்கம் ஒன்றை நீட்டினால்தான் யோக்கெரெஸுக்குச் சாப்பாடு. ஆகவே நாளைக்குப் பந்தைப் பார்க்காதீர்கள், யோக்கெரெஸ் இறங்கினதும் அவரது முதல் ஐந்து ஓட்டத்தை மட்டும் எண்ணுங்கள், அதில் எத்தனைக்குப் பந்து புறப்படுகிறது என்று பாருங்கள். பந்து போய்ச் சேராவிட்டாலும் பரவாயில்லை, புறப்பட வேண்டும்.

எதிரில் நிற்கிறவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். டொட்டன்ஹம் ஒரு விசித்திர அணி, போன பருவம் லீக்கில் 17ஆவது, ஆனால் பில்பாவோவில் மஞ்செஸ்டர் யுனைட்டெட்டை 1-0 என்று வென்று யூரோப்பா லீக் கிண்ணம் எடுத்தார்கள். கிண்ணம் எடுத்துக் கொடுத்த பயிற்றுநர் பொஸ்டெகொக்லுவை அடுத்த மாதமே அனுப்பிவிட்டு, பிரென்ட்ஃபோர்டில் இருந்து தோமஸ் ஃபிராங்கைக் கொண்டுவந்தார்கள். பொஸ்டெகொக்லு காலத்தில் பின்களம் மைதானத்தின் பாதிவரை ஏறி நிற்கும், பின்னால் வெளி வெளியாகக் கிடக்கும், யோக்கெரெஸுக்கு விருந்து. ஃபிராங் அப்படி விடமாட்டார் என்று நினைக்கிறேன், அவர் நிலைமை பார்த்து இறங்கி நிற்கிற ஆள், நீண்ட எறிபந்து, கோணர் என்று அதில் கோல் எடுப்பவர்.

டொட்டன்ஹமின் பின்கள வீரர் வான் டி வென் வேகத்துக்கு முன்னால் யோக்கெரெஸ் எடுபடமாட்டார் என்கிறார்கள். மணிக்கு 37.38 கிலோமீற்றர் ஓடிப் பதிவான கால் அது, உண்மைதான். ஆனால் வான் டி வென் நிற்பது அவர்களின் இடது பக்கம். யோக்கெரெஸ் வெட்டி ஓடுவது ஆர்சனலின் இடது, அதாவது அவர்களின் வலது. அங்கே ஓரத்தில் நிற்கிற பொரோ ஏறிப்போய்விட்டால் தனியாக நிற்பது நடுப் பின்கள வீரர் ரொமேரோ. ரொமேரோ முட்டாமல் விடமாட்டார், இவரும் முட்டுகிறவர். சினேகபூர்வம் என்ற சொல்லுக்கு நாளைக்கு அந்த மூலையில் வேலை இருக்காது.

மற்ற இடங்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல இல்லை. இடது ஓரத்தில் மார்ட்டினெலியா ட்ரொசார்ட்டா என்றால், யோக்கெரெஸ் இறங்குகிற நேரம் ட்ரொசார்ட், ஏனென்றால் மார்ட்டினெலியும் அதே பாதையில்தான் ஓடுவார், ஒரு ஒழுங்கையில் இரண்டு லான்மாஸ்ரர் உழவு மெசின் போக முடியாது. கோல்காப்பாளர் இடத்தில் ராயாவோ கெப்பாவோ, எனக்கு இரண்டும் ஒன்று, நாளைக்கு.

என் முடிவு: ஹாவர்ட்ஸ் தொடங்கட்டும், யோக்கெரெஸ் கடைசி அரை மணித்தியாலம். காரணம் திறமை இல்லை, கால். ஸ்போர்ட்டிங்கின் பயிற்சிக்குப் போகாமல் இருந்தே இந்த மாற்றத்தை வாங்கினார், அப்படி இருந்தவரை ஹொங்கொங்கின் புழுக்கத்தில் 90 நிமிடம் ஓடவிட்டு ஒரு தசையைக் கிழித்துக்கொண்டால், ஓகஸ்ட் 17 யுனைட்டெட் மைதானத்தில் தொடங்குகிற லீக்குக்குத் திரும்பவும் மெரினோவைத்தான் முன்னால் நிறுத்த வேண்டி வரும். துபாயில் பட்டது போதும். ஆனால் லீக் தொடங்கினால் யோக்கெரெஸ்தான், ஒரு மாதமாவது மாற்றாமல், கோல் வராவிட்டாலும் மாற்றாமல். ஹாவர்ட்ஸை அவருக்குப் பின்னால் நடுக்களத்தில் விடலாம் என்றும் ஒரு கதை ஓடுகிறது, அதை நாளைக்கு ஒரு பத்து நிமிடம் செய்து பார்த்தால் எனக்குச் சந்தோசம், இப்படியான ஆட்டத்தில் செய்யாமல் வேறு எப்போது செய்வது.

முடிவு கேட்டால் ஆர்சனல் 2-1. ஆனால் நான் ஐந்து ஓட்டத்தைத்தான் எண்ணுவேன், விரலில். மைதானத்தில் பெடியளுக்கு நாளைக்கு விளையாட்டை 4 மணிக்கே தொடங்கச் சொல்லியிருக்கிறேன், வெயில் என்று முணுமுணுத்தார்கள், சரி என்றார்கள். அந்த உழவு மெசின் தம்பியும் கடைக்கு வருகிறேன் என்று சொன்னான். கடைக்கார அண்ணை நேற்றே சொல்லிவிட்டார், கதிரை ஆறுதான், பிந்தினால் அரிசி மூட்டையில் இருக்க வேண்டும்.