லைன் அறுந்தால் என்ன ஆகும்: ஒரு சர்வர் பயிற்சி, ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு

2020ஆம் ஆண்டில் நான் 5,200 மலேசிய வெள்ளி கட்டிப் படித்த எட்டு மாதப் பயிற்சியை, அதாவது மென்பொருள் உருவாக்கமும் சர்வர் என்னும் சேவைக் கணினிகளின் நிர்வாகமும் சேர்ந்த அதே பயிற்சியை, இப்போது 3,400 வெள்ளிக்குத் தருகிறார்கள். எங்கள் தாமானில் இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் பெண், டிப்ளோமா முடித்துவிட்டுக் கிளினிக் ஒன்றில் பதிவு வேலை பார்ப்பவள், அந்த விளம்பரத்தைக் கைப்பேசியில் காட்டி, "சேரலாமா அண்ணே?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். "நீங்க அங்கதானே படிச்சீங்க? அத வச்சித்தானே வேல பாக்குறீங்க?" என்றாள். வாசலில் நின்றபடி அதற்கு ஒழுங்கான பதில் சொல்ல முடியவில்லை, ஆகையால் எழுதுகிறேன். அன்று காலையில்தான் இடியில் கருகிப்போன என் வீட்டு மோடத்தை மாற்றிக் கொடுத்திருந்தார்கள் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம்.

பயிற்சியின் முதல் பாதியான மென்பொருள் உருவாக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பிஎச்பி நிரல்மொழி, மரியாடிபி தரவுத்தளம், நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்று எல்லா இடத்திலும் சொல்லிக்கொடுப்பதைத்தான் இங்கும் சொல்லிக்கொடுத்தார்கள், குறையில்லாமல் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த அறிவை வைத்து, செம்பனை ஆலை ஒன்றில் லாரிகளின் எடைக் கணக்கைத் தொகுக்கும் சிறு நிரல் ஒன்றை எழுதினேன். பிஎச்பி 7.4க்கான ஆதரவு 2022 நவம்பரில் முடிந்து 8க்கு மாறியபோது அது தடுமாறியது. பழைய பதிப்பில் பூஜ்யமும் வெற்றுச் சரமும் சமம் என்று கொள்ளப்படும், புதியதில் அப்படி இல்லை, என் நிரலோ எடை நிரப்பப்படாத இடங்களையெல்லாம் அந்தச் சமத்தை நம்பியே கழித்துவந்தது. அதற்குப் பயிற்சியைக் குறை சொல்லமாட்டேன்.

சர்வர் நிர்வாகம்தான் நான் பணம் கட்டியதற்கான காரணம், என் மகிழ்ச்சியும் என் எரிச்சலும் இரண்டும் அங்கேதான் இருக்கின்றன. மகிழ்ச்சியை முதலில் சொல்கிறேன். ஈப்போவில் நேரடி வகுப்பு நடந்த முதல் இரண்டரை மாதங்களில், சனிக்கிழமை தேநீர் இடைவேளைக்கு நாங்கள் கீழே போய்த் திரும்புவதற்குள் ஆசிரியர் ஒவ்வொருவருடைய இயந்திரத்திலும் ஏதாவது ஒன்றைக் கெடுத்து வைத்திருப்பார். ஒரு வாரம் ரூட் என்னும் முதன்மைக் கணக்கின் கடவுச்சொல் மாறியிருக்கும். இன்னொரு வாரம் வட்டுகளை ஏற்றும் கோப்பில் ஒரு வரி பிழையாக இருக்கும், இயந்திரம் எழும்பாது. துவக்கத்தை இடையில் நிறுத்தி, கோப்பமைப்பை எழுதத்தக்கதாக மறுபடி ஏற்றி, கடவுச்சொல்லை மாற்றிய பிறகு, எஸ்இலினக்ஸ் என்னும் பாதுகாப்பு அடுக்கு தன் முத்திரைகளை மீண்டும் இடுவதற்கான வெற்றுக் கோப்பை வைக்க மறந்தால், எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் உள்ளே நுழைய முடியாமல் நிற்க வேண்டியிருக்கும். அந்த ஒரு கோப்பை நான் மூன்று முறை மறந்தேன், நான்காவது முறை மறக்கவில்லை. அவர் பிழையைத் திருத்தித் தரமாட்டார். இயந்திரம் எழுதிவைக்கும் பதிவேட்டில் முதல் பிழை எது என்று மட்டும் கேட்பார், கடைசிப் பிழையைப் படிப்பவனைத் திரும்பவும் மேலே போகச் சொல்வார். 2022இல் லினக்ஸ் நிறுவனமான ரெட்ஹேட்டின் சான்றிதழுக்கான தேர்வை எழுதியபோது, அது முழுக்கச் செய்முறையாக நடப்பது, 300க்கு 210 எடுத்தால்தான் தேர்ச்சி, செய்த அமைப்புகள் எல்லாம் மறுதொடக்கத்துக்குப் பிறகும் நிலைத்திருக்க வேண்டும் என்பது விதி, எனக்கு அது பழைய சனிக்கிழமை போலவே இருந்தது.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது, வகுப்பு இணையத்துக்கு மாறியது. ஆசிரியர் பெட்டாலிங் ஜெயாவில் இருந்த தம் வீட்டில் ஒளியிழை இணைப்போடு உட்கார்ந்திருந்தார். சுங்கை சிப்புட்டில் நான் செம்புக் கம்பி லைனோடு உட்கார்ந்திருந்தேன். இங்கே மாலை நான்கு மணிக்கு மேல் மலைப்பக்கம் இருண்டது என்றால், அடுத்த அரை மணி நேரத்தில் லைன் ஒருமுறையாவது அறுந்து வரும். கம்பியையே திருடர்கள் வெட்டிக்கொண்டு போன வாரங்களும் உண்டு. ஆய்வகச் சர்வரில் வேலை பாதியில் இருக்கும்போது என் திரை உறைந்துபோகும், மறுபடி நுழைந்தால் அந்த வேலை இருக்காது. இதற்கு என்ன செய்வது என்று கேட்டேன். "லைன் நல்லா இருக்கிற இடமா பார்த்துப் போய் உட்காருங்க" என்றார். பத்து கிலோமீட்டருக்கு அப்பால் போகக்கூடாது என்ற விதி இருந்த ஏப்ரல் மாதத்தில், நான் போகக்கூடிய தூரத்துக்குள் இருந்தவை செம்பனையும் கொஞ்சம் பால்மரமும்தான். அந்த வாக்கியத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை.

அதன் விலை அந்த ஆண்டு நவம்பரில் தெரிந்தது. ஆலைச் சர்வருக்கு, அதில் அப்போது ஓடியது சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் இயங்குதளம், வீட்டிலிருந்தபடி புதுப்பிப்பு கொடுத்தேன். மழை வந்தது, லைன் போனது, நிறுவல் பாதியில் நின்றது. தொடர்பு திரும்பியதும் என்ன ஆகியிருக்கிறது என்று பார்க்காமல் மறுதொடக்கம் கொடுத்தேன். இந்தத் தவறு முழுக்க என்னுடையது. இயங்குதளத்தின் மையமான கெர்னலின் புதிய பதிப்பு உள்ளே போயிருந்தது, அது துவங்குவதற்கு வேண்டிய துணைக் கோப்பு மட்டும் உருவாகியிருக்கவில்லை. சர்வர் எழும்பவில்லை. மோட்டாரை எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போனபோது குலை ஏற்றிய லாரிகள் வெளிச்சாலை வரை நின்றன. கிராணி மின்விசிறிக்கு முன்னால் உட்கார்ந்து கையால் ரசீது எழுதிக்கொண்டிருந்தார். வெட்டிய குலையை வைத்திருக்க வைத்திருக்க எண்ணெயில் அமிலம் கூடும், 24 மணி நேரத்துக்குள் அவிக்க வேண்டும் என்பது அங்கே நிற்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். துவக்கப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து எழுப்பினேன், இரட்டையாகப் பதிவாகியிருந்த தொகுப்புகளை நீக்கினேன், நிறுவலை முதலிலிருந்து முடித்தேன். ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று. சனிக்கிழமைப் பழக்கம் இல்லாவிட்டால் அன்று இரவு முழுவதும் ஆகியிருக்கும், இதை நான் மறைக்க விரும்பவில்லை.

ஆனால் அந்த ஒன்றே கால் மணி நேரம் தேவைப்பட்டிருக்கவே கூடாது. தொலைவிலிருந்து நுழைந்த இணைப்பு அறுந்ததும், அந்த இணைப்புக்குள் தொடங்கிய வேலைகளுக்கு நிறுத்து என்றொரு சமிக்ஞை போகிறது. அதன் பெயரே ஹேங்கப், தொலைபேசியைக் கீழே வைத்துவிடுவது. யூனிக்ஸைக் கட்டியவர்கள் தொலைபேசிக் கம்பி வழியாக வேலை செய்தவர்கள். லைன் அறுவது அவர்களுக்கு அன்றாட நிகழ்ச்சி, ஆகவே அதற்கென்று ஒரு பெயரே வைத்தார்கள். அந்தச் சமிக்ஞை எட்டாதபடி வேலையைச் சர்வருக்குள்ளேயே தனியாக ஓடவிட்டு, பிறகு எப்போது வேண்டுமானாலும் திரும்பி வந்து ஒட்டிக்கொள்ள உதவும் ஸ்கிரீன் என்ற கருவி 1987 முதல் இருக்கிறது, அதைவிடக் கைக்கு இலகுவான டீமக்ஸ் 2007 முதல் இருக்கிறது. இரண்டையும் எங்கள் வகுப்புச் சர்வரிலேயே ஒரே கட்டளையில் நிறுவியிருக்கலாம். கற்றுக்கொள்ளப் பத்து நிமிடம் போதும். எட்டு மாதங்களில் அந்தப் பத்து நிமிடம் கிடைக்கவில்லை, ஏனென்றால் சொல்லிக்கொடுத்தவருக்கு லைன் ஒருநாளும் அறுந்ததில்லை.

மற்றபடி அந்தப் பயிற்சியின் குறிப்புகள் நன்றாகவே நாள்பட்டிருக்கின்றன. 2024 ஜூன் 30ஆம் தேதியோடு சென்ட்ஓஎஸ் 7க்கான ஆதரவு முடிந்ததால் ஆலைச் சர்வரை ஆல்மாலினக்ஸ் என்ற இயங்குதளத்துக்கு மாற்றினேன், பழைய நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டேதான் மாற்றினேன். நிறுவும் கட்டளையை யம் என்று எழுதியிருந்த இடத்தில் டிஎன்எஃப் என்று திருத்திக்கொண்டதைத் தவிர அநேகமாக எல்லாம் பொருந்தின. கட்டிய பணத்தை முதல் ஆண்டிலேயே சம்பாதித்துவிட்டேன். அந்த ஆசிரியரைப் போல் பிழையை வாசிக்கப் பழக்கும் இன்னொருவரை நான் இதுவரை சந்திக்கவில்லை.

சென்ற புதன்கிழமை இடி விழுந்து மோடம் கருகியபோதும் ஆலையில் புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருந்தது. புது மோடம் வந்ததும் மறுநாள் காலையில் டீமக்ஸுக்குள் திரும்பிப் போனேன். எல்லாம் முன்தினமே முடிந்து, கடைசி வரி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. நிம்மதியைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. அந்தக் கோபத்தோடுதான் விளம்பரத்தில் இருந்த புதிய பாடத்திட்டத்தைத் திறந்து முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். கிளவுட் சேர்ந்திருக்கிறது, டாக்கர் சேர்ந்திருக்கிறது, செயற்கை நுண்ணறிவுக்கு இரண்டு வாரம் ஒதுக்கியிருக்கிறார்கள். டீமக்ஸ் இல்லை, ஸ்கிரீனும் இல்லை.

ஆகையால் தங்கச்சி, என் பதில் வேண்டாம் என்பதுதான், 3,400 வெள்ளிக்கும் வேண்டாம். மேலே நான் எழுதியதைப் படித்துவிட்டு நீ எப்படியும் சேர்வாய் என்று நினைக்கிறேன். சேர்ந்தால், முதல் வகுப்பிலேயே ஆசிரியரிடம் ஒரு கேள்வி கேள்: லைன் அறுந்தால் பாதியில் இருக்கும் வேலை என்ன ஆகும்? லைன் நன்றாக இருக்கும் இடமாகப் பார்த்துப் போய் உட்காரச் சொன்னால், கட்டிய பணத்தை அன்றைக்கே திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்.