துவரைக்கும் சணப்புக்கும் இலைவெட்டித் தேனீ: என் அனுபவம்

பென்னாகரம் பக்கம் மானாவாரியில் துவரையும், விதைக்காகச் சணப்பும் (நாருக்கும் பசுந்தாள் உரத்துக்கும் ஆகும் பயிர்) போடுகிறேன். வரப்போரம் இலைவெட்டித் தேனீக்கு, அதாவது இலையை நறுக்கிக் கூட்டுக்குள் அறை கட்டும் காட்டுத் தேனீக்கு, கூடு வைக்கத் தொடங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. தேனுக்காக யாரும் இதில் இறங்க வேண்டாம், ஒரு சொட்டும் கிடைக்காது. காய்ப்பிடிப்புக்கு மட்டும்தான். அந்த வேலையை அருமையாகச் செய்கிறது.

சணப்புப் பூவில் மகரந்தமும் சூல்முடியும் கீழ் இதழுக்குள் மூடிக் கிடக்கும். கொஞ்சம் பெரிய தேனீ உட்கார்ந்து அழுத்தினால்தான் வெளியே வரும், சூல்முடி உரசப்பட்டால்தான் காயும் பிடிக்கும். இலைவெட்டி மகரந்தத்தை வயிற்றின் அடிப்பக்க முடியில் அப்பிக்கொண்டு போவதால் பூவுக்குப் பூ நன்றாக உதிர்க்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் குதிரைமசால் என்ற தீவனப் பயிரின் விதைக்காகவே இந்த இனத்தில் ஒன்றை வளர்க்கிறார்கள். அந்தப் பூ விசையாகத் தெறித்து அடிப்பதால், சாதாரணத் தேனீ பக்கவாட்டில் தேனை மட்டும் உறிஞ்சிவிட்டுப் போய்விடும். இலைவெட்டிக்கு அந்தக் கூச்சம் இல்லை. என் சணப்பில் கூட்டுக்குப் பக்கத்து வரிசைகளில் காய் நெருக்கமாக இருப்பது கண்ணுக்கே தெரிகிறது. கடைசி வரிசைக்குப் போகப் போகக் குறைகிறது. அதனால் ஒரே இடத்தில் பெரிய கூடு வைப்பதைவிடச் சின்னதாக நாலு மூலையிலும் வைப்பது மேல்.

கூட்டுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. ஒரு பக்கம் கணு மூடிய மூங்கில் துண்டுகள் போதும். துளை 6 முதல் 8 மி.மீ., ஆழம் 15 செ.மீ. ஆழம் முக்கியம். உள்ளே கடைசியில் பெண் முட்டையும் வாசல் பக்கம் ஆண் முட்டையும் வைக்கும். துண்டு குட்டையாக இருந்தால் ஆண்தான் அதிகம் வரும், மகரந்த வேலைக்கு அது உதவாது. நெஞ்சு உயரத்தில், காலை வெயில் படுகிற மாதிரி கிழக்குப் பார்த்துக் கட்டினேன். மேலே ஒரு தகரம். கம்பத்தில் கிரீஸ் தடவாவிட்டால் எறும்பு ஏறிவிடும்.

மூங்கிலில் ஒரு குறை உண்டு. திறந்து பார்க்க முடியாது. பூஞ்சணமும் ஒட்டுண்ணிக் குளவியும் சேர்ந்துகொண்டே போகும். தேனீ வெளியேறிய துண்டுகளை எரித்துவிட்டுப் புதிது வைக்கிறேன். பலகையில் பள்ளம் எடுத்து அடுக்கிக் கட்டினால் பிரித்துச் சுத்தம் செய்யலாம். தச்சர் கிடைத்தால் அதுவே நல்லது.

பக்கத்து நிலத்துத் தம்பி ஒருநாள் வந்து, “அண்ணா, ரோஜா இலையெல்லாம் வட்டம் வட்டமா வெட்டியிருக்கு, மருந்து அடிக்கட்டுமா?” என்று கேட்டார். அது தின்பதில்லை, கூட்டுக்குள் அறை கட்டத்தான் நறுக்குகிறது என்று காட்டினேன். நீள்வட்டத் துண்டு சுவருக்கு, வட்டத் துண்டு மூடிக்கு. செடிக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் ஓசூர்ப் பக்கம் இலையோடு ரோஜா விற்பவர்கள் தோட்டத்தை ஒட்டிக் கூடு வைக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

உண்மையான சிக்கல் மருந்துதான். துவரை பூக்கும் நேரத்தில்தான் காய்ப்புழுவும் வருகிறது, எல்லாரும் அப்போதுதான் தெளிக்கிறார்கள். பகலில் அடித்தால் ஒரே நாளில் கூடு வெறிச்சோடிவிடும். நான் அந்துப்பூச்சியை மணத்தால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியும், புழு தின்னும் பறவைகள் உட்காரப் பறவைத் தாங்கியும் வைத்துச் சமாளிக்கிறேன். அடித்தே ஆகவேண்டும் என்றால் இருட்டிய பிறகு, அதுவும் வேப்பங்கொட்டைக் கரைசல்தான். அக்கம்பக்கத்தாரிடமும் இதைக் கேட்டுக்கொள்கிறேன். இந்தப் பேச்சு நடக்காத இடத்தில் கூடு வைப்பது வீண்.

பாலக்கோட்டுத் தக்காளிக்கும் கிருஷ்ணகிரி மாமரத்துக்கும் இதை நம்ப வேண்டாம். தக்காளிப் பூவை அதிரவைக்கும் தேனீ வேண்டும், மாம்பூவில் பெரும்பாலும் ஈக்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. துவரை, சணப்பு போடுபவர்கள் தாராளமாக முயலலாம். தேனீயை விலைக்குத் தேடவும் வேண்டாம். வேலியிலோ துவரையிலோ இலை ஓரம் வட்டமாக வெட்டுப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது ஏற்கெனவே உங்கள் நிலத்தில் இருக்கிறது, பூ எடுப்பதற்கு முன்னால் மூங்கிலைக் கட்டிவிடுங்கள்.